அந்தப் புள்ளியைவிட அந்த ஒரு வரிதான் முக்கியம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. சேலம் மாவட்டம். இது முதல் குழந்தை. கணவர் என் சொந்த மாமன் மகன். மூன்றாம் மாதம் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கரும் எடுத்தோம், ‘லோ ரிஸ்க்’ என்று வந்தது. போன வாரம் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தபோது, குழந்தையின் இதயத்தில் இடது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் நார்மல். ஸ்கேன் சென்டரில் கேட்டதற்கு, “பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பெரிய டாக்டரைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். போனில் தேடினால் டவுன் சிண்ட்ரோம் என்று வருகிறது. ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை. மூன்றாம் மாதம் இல்லாத புள்ளி இப்போது எங்கிருந்து வந்தது? ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டுமா? அத்தையோ, ஸ்கேன் எடுத்து எடுத்துத்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் கிடையாது. என் அண்ணனுக்கு என் நாத்தனாரைத்தான் கட்டியிருக்கிறது, அவர்கள் குழந்தை நாலாம் மாதத்தில் சளி கட்டி இறந்துவிட்டது. கை கால் எப்போதும் துவண்டே இருக்கும், கண் மட்டும் நன்றாகப் பார்த்துச் சிரிக்கும். மற்றபடி எந்தக் குறையும் இல்லை. என் குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன். அது வெளியீட்டுக்காகக் காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. அன்று சொன்னதையே கொஞ்சம் விரித்து, உங்கள் அனுமதியோடு, ஊர் பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். உங்களைப் போன்ற நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முதலில் புள்ளி. ஐந்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே.

இதயத்துக்குள் வால்வுகள் இருக்கின்றன. கதவு ஒரேயடியாகத் திறந்துகொண்டு போய்விடாமல் கயிறு கட்டி வைப்பது போல, அந்த வால்வுகளை மெல்லிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நார்கள் போய்ச் சேரும் சின்னத் தசை மேடு ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு அந்த மேட்டில் துளி சுண்ணாம்புச் சத்து படியும். ஸ்கேன் கருவியின் ஒலி அலை அதில் பட்டு எலும்பில் பட்டதைப் போலப் பளிச்சென்று திரும்பி வருகிறது. அவ்வளவுதான் அந்த வெள்ளைப் புள்ளி. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இது தெரியும். ஆசியத் தாய்மார்களின் குழந்தைகளில் இன்னும் கூடுதலாகவே தெரிகிறது.

இது ஓட்டை இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. “இதயத்தில் புள்ளி” என்று ஸ்கேன் அறையில் சொன்னது, வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் “இதயத்தில் ஓட்டை” ஆகியிருப்பதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். புள்ளியால் இதயத்தின் வேலைக்கு ஒரு குறைவும் வராது. பிறந்த பிறகு அதற்காக மருந்தும் இல்லை, அறுவைசிகிச்சையும் இல்லை.

அப்படியானால் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி வளர்ச்சிக் குறைபாடு) எங்கே வந்தது? 1990களில், அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளில் இந்தப் புள்ளி சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்று கவனித்தார்கள். மூளைக்குள் சின்ன நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் லேசாக நீர் தங்குவது என்று இப்படி நாலைந்து அடையாளங்கள் உண்டு. எதுவும் தன்னளவில் நோய் இல்லை. இரண்டாம் பார்வை பார்க்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே. அந்தக் காலத்தில் வேறு நல்ல பரிசோதனை கையில் இல்லாததால் இந்தக் குறிப்புகளைப் பெரிதாக எடுத்துக்கொண்டோம். இன்று நிலைமை வேறு. மூன்றாம் மாதத்தில் கழுத்துப் பின்புற நீரின் அளவு (என்.டி. ஸ்கேன்), அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவு (டபுள் மார்க்கர்), வயது மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 பேரைச் சந்தேகப் பட்டியலில் கொண்டுவந்துவிடலாம். அந்தக் கணக்கில் நீங்கள் ‘லோ ரிஸ்க்’. உங்கள் வயதுக்கு ஆரம்பத்திலேயே ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவான வாய்ப்புதான்; பரிசோதனைக்குப் பிறகு அது இன்னும் குறைந்துவிட்டது. கூடவே ஐந்தாம் மாத ஸ்கேனில் மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது, தனியாக நிற்கும் ஒரு புள்ளி இந்தக் கணக்கை அசைக்காது.

ஆகவே, புள்ளிக்காக ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்க வேண்டாம். புள்ளிக்காக மறுபடி மறுபடி ஸ்கேனும் வேண்டாம்.

மூன்றாம் மாதம் இல்லாதது இப்போது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்போது குழந்தையின் இதயம் மிளகைவிடச் சற்றுப் பெரிது. இப்போது அரைநெல்லிக்காய் அளவு. மிளகுக்குள் புள்ளி தேட முடியாது. ஐந்தாம் மாத ஸ்கேன் என்று ஒன்று தனியாக இருப்பதே இதனால்தான். 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகள் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். குழந்தை திரும்பிப் புரளப் போதுமான நீர் இருக்கும். எலும்புகளும் நிழல் விழுந்து மறைக்கும் அளவுக்கு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது.

அத்தைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஸ்கேன் என்றதும் எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பாய்கிறது என்று நினைக்கிறார் போல. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரேதான் எடுத்தார்கள், அதில் பயப்பட நியாயம் இருந்தது. இப்போது நாம் பயன்படுத்துவது காதுக்கு எட்டாத ஒலி. இதன் கதை வேடிக்கையானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், கொதிகலன் தொழிற்சாலையில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த ஒலிக்கருவியைக் கண்டார். அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். அது 1955. மூன்று ஆண்டு கழித்து, 1958இல், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் தலையை ஒலியால் படம் பிடித்துக் காட்டிய கட்டுரை வெளிவந்தது. அதிலிருந்து இன்றுவரை மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனால் குழந்தைக்கு ஊனம் வந்ததாக நிரூபணம் இல்லை. அதற்காக, முகம் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மாதம் ஒரு ஸ்கேன் எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த அளவுக்கு அத்தை சொல்வதில் எனக்கும் உடன்பாடு.

சரி, புள்ளி முடிந்தது. இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்த இடத்துக்கு வருகிறேன்.

குடும்பத்தில் இதய நோய் இல்லை என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் குழந்தை நாலாம் மாதத்தில் இறந்துவிட்டது, கை கால் துவண்டே இருக்கும், கண் மட்டும் நன்றாகப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் “மற்றபடி எந்தக் குறையும் இல்லை” என்று முடித்துவிட்டீர்கள். சளி கட்டி இறந்ததாக எல்லோரும் நம்பியிருக்கிறீர்கள். குழந்தை சளியால் இறந்திருக்கலாம். ஆனால் ஆரோக்கியமான நாலு மாதக் குழந்தை ஏன் அந்தச் சளியை இருமித் துப்ப முடியாமல் போனது?

உடம்பு துவண்டு, மூளை மட்டும் விழிப்பாக, கண் துறுதுறுவென்று இருக்கும் குழந்தை என்றால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது எஸ்.எம்.ஏ. முதுகுத் தண்டுவட தசைநார்ச் சிதைவு என்பார்கள். செய்திகளில் பதினாறு கோடி ரூபாய் ஊசி என்று படித்திருப்பீர்களே, அந்த நோய்தான். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் முதுகுத் தண்டில் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை, முகத் தசைகளும் கண்ணும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் அந்தச் சிரிப்பு. மூச்சுத் தசைகள் தளர்ந்து, இருமல் வலுவிழந்து, சாதாரணச் சளியே எமனாகிவிடும். இதன் கடுமையான வகை ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

அந்தக் குழந்தைக்கு இருந்தது எஸ்.எம்.ஏ.தான் என்று நான் சொல்லவில்லை. மூன்று வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு நோய் சொல்பவர் மருத்துவர் இல்லை, ஜோசியர். வேறு தசை நோய்கள், உடலின் ரசாயனச் செயல்பாட்டில் வரும் குறைகள் என்று இன்னும் பல இப்படித் துவண்ட குழந்தையைத் தரலாம். ஆனால் இவற்றில் பலவும் ஒரே விதமாகத்தான் குடும்பத்தில் இறங்குகின்றன. உங்கள் குடும்பத்தில் திருமணங்கள் அமைந்திருக்கும் விதத்தை வைத்துப் பார்க்கும்போது கவலைப்படக் காரணம் இருக்கிறது.

ஒரு காகிதம் எடுத்து வரைந்து பாருங்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். உங்கள் அம்மாவும் உங்கள் மாமனாரும் உடன்பிறந்தவர்கள். அம்மாவின் பிள்ளைகள் நீங்களும் அண்ணனும். மாமனாரின் பிள்ளைகள் உங்கள் கணவரும் நாத்தனாரும். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறீர்கள். நாத்தனாரே அண்ணியும் ஆகிறார். அதாவது நீங்கள் வயிற்றில் சுமக்கும் குழந்தையும் இறந்துபோன அந்தக் குழந்தையும் ஒரே இரண்டு குடும்பத்தின் பிள்ளைகள். பாட்டன், பாட்டி எல்லாம் ஒன்றே.

எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களுக்கான மரபணு நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். அப்படி ஒன்று பழுதாகி, தனக்கு ஒன்றுமே இல்லாமல் வாழ்பவர்களை ‘கேரியர்’ என்கிறோம். எஸ்.எம்.ஏ.வைப் பொறுத்தவரை, ஏறக்குறைய நாற்பது முதல் அறுபது பேரில் ஒருவர் கேரியர். தெருவுக்கு ஒருவர் இருப்பார், அவருக்கே தெரியாது. அப்பா, அம்மா இருவரும் கேரியராக அமைந்தால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. அந்நியத்தில் திருமணம் என்றால் இரண்டு கேரியர்கள் சந்திப்பது அபூர்வம். உறவுக்குள் என்றால், ஒரே பாட்டியிடமிருந்து அதே பழுது இரண்டு பக்கமும் இறங்கி வந்திருக்கலாம்.

இப்போது கணக்கு. அந்தக் குழந்தைக்கு இப்படிப்பட்ட நோய்தான் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அண்ணனும் அண்ணியும் இருவருமே கேரியர்கள். அண்ணன் கேரியர் என்றால் தங்கையான உங்களுக்குப் பாதி வாய்ப்பு. அண்ணி கேரியர் என்றால் உடன்பிறந்தவரான உங்கள் கணவருக்கும் பாதி வாய்ப்பு. பாதியில் பாதி கால், அதில் நான்கில் ஒன்று. பதினாறில் ஒன்று. நீங்கள் ஐந்து நாள் தூங்காமல் பயந்த டவுன் சிண்ட்ரோம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே எங்கோ இருக்கிறது. பதினாறில் பதினைந்து பங்கு நல்லதுதான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

உங்கள் ஸ்கேன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. நேற்று சொல்லவில்லை, எட்டாம் மாதம் எடுத்தாலும் பெரும்பாலும் சொல்லாது. ஸ்கேன் உருவத்தைப் பார்க்கிற கருவி. மண்டை ஓடு உருவாகாமல் போனால் கிட்டத்தட்ட எப்போதும் கண்டுபிடித்துவிடும். 1972இல் ஸ்டூவர்ட் கேம்பெல் என்ற மருத்துவர் லண்டனில் ஸ்கேனில் கண்டறிந்து சிகிச்சை முடிவையே மாற்றிய குறையும் அதுதான். முதுகெலும்பு மூடாமல் போனதை, வயிற்றுச் சுவர் திறந்திருப்பதை, சிறுநீரகம் இல்லாததைப் பெரும்பாலும் பிடித்துவிடுவோம். இதயக் குறைகளில் பாதி நல்ல கைகளில் தெரியும், சிலது நல்ல கைகளுக்கும் தப்பும். உதடு பிளவு தெரியும், உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் நழுவிவிடும். உணவுக்குழாய் அடைப்பும் மலத்துவாரம் இல்லாததும் அடிக்கடி ஏமாற்றும். குள்ளமான எலும்பு வளர்ச்சியும் சில வகைத் தலைவீக்கமும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் தோன்றவே ஆரம்பிக்கும். காது கேட்குமா, கண் தெரியுமா, பேசுமா, ஆட்டிசம் வருமா, தசைக்கு வலு இருக்குமா என்பதெல்லாம் இந்தத் திரையில் இல்லை. எஸ்.எம்.ஏ. குழந்தை ஐந்தாம் மாத ஸ்கேனில் கை நீட்டும், கால் உதைக்கும், விரல் சப்பும். அந்தக் குழந்தைக்கும் ‘நார்மல்’ என்றுதான் ரிப்போர்ட் வந்திருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். நூறு பேருக்கு நாலைந்து பேரிடம் தெரியும் ஒரு புள்ளியைத் தடித்த எழுத்தில் அச்சடிக்கத் தெரிகிறது. வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் “மேல் ஆலோசனை பெறவும்” என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகிறோம். ஆனால் மூன்றாம் மாதமே உங்களை உட்காரவைத்து, “சொந்தத்திலா கட்டியிருக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் சின்ன வயதில் இறந்த குழந்தைகள் உண்டா?” என்று கேட்க ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை. எனக்கும் எத்தனையோ நாள் கிடைத்ததில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கேன் என்று டோக்கன் ஓடும்போது நானும் கேட்காமல் விட்டிருக்கிறேன். ஒரு முறை, பிரசவமாகி ஐந்து மாதம் கழித்து, அந்த அம்மா துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, “நீங்கதானே டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னீங்க” என்றார். ஸ்கேன் சரிதான். நான் கேட்காததுதான் தவறு. அவர் அக்காவுக்கும் ஒரு குழந்தை அப்படித்தான் போயிருந்தது.

இனி செய்யவேண்டியது.

முதலில் உங்கள் அண்ணன் குழந்தையின் கோப்பு. எந்த மருத்துவமனையில் சேர்த்தார்களோ அங்கே தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்த ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே, இதய எக்கோ எது கிடைத்தாலும். மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ஒரு தாளே பாதி வேலையை முடித்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். குழந்தை வயிற்றால் மூச்சு விட்டதா, கை கால் எப்படிக் கிடந்தது என்பதைப் பத்து விநாடி வீடியோ எங்களுக்குச் சொல்லும்.

இதை அண்ணியிடம் நீங்கள் போய்க் கேட்கவேண்டியிருக்கும். அது எவ்வளவு கடினம் என்று தெரியும். உங்கள் வயிறு தெரிகிற நேரத்தில், இழந்தவரிடம் போய் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பது. போனில் கேட்காதீர்கள். அத்தையை வைத்தும் கேட்கவைக்காதீர்கள். நேரில் போய், அண்ணனும் உடனிருக்கும்போது, “டாக்டர் கேட்கச் சொன்னார்” என்று பழியை என் மேல் போட்டுவிட்டுக் கேளுங்கள். அவர் பால் கொடுத்த விதத்தையோ, குளிப்பாட்டியதையோ, தோஷம் என்று யாராவது சொன்னதையோ நினைத்து இத்தனை நாள் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கக்கூடும். அது அவர் தவறே இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கோப்புக்காகக் காத்திருக்காமல் நீங்களும் கணவரும் உடனே ரத்தம் கொடுங்கள். எஸ்.எம்.ஏ. கேரியர் பரிசோதனை என்று கேட்டால் போதும். சாதாரணமாகக் கையில் எடுக்கும் ரத்தம்தான், அந்த மரபணுவின் பிரதி ஒன்றா இரண்டா என்று எண்ணுவார்கள். முடிந்தால் அண்ணனும் அண்ணியும் அதே நாளில் கொடுக்கட்டும். அவர்கள் இருவரும் கேரியர் இல்லை என்று வந்தால், நோய் அநேகமாக வேறு ஏதோ, தேடுதலை மாற்றவேண்டும். உங்கள் இருவரில் ஒருவராவது கேரியர் இல்லை என்றால் எஸ்.எம்.ஏ. பற்றிய கவலை கிட்டத்தட்ட தீர்ந்தது. இந்தப் பரிசோதனையும் சிலரைத் தவறவிடும் என்பதால்தான் ‘கிட்டத்தட்ட’.

இருவருமே கேரியர் என்று வந்தால் அப்போதுதான் பனிக்குட நீர். நீங்கள் வேறு காரணத்துக்காகக் கேட்ட அதே ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீர் எடுப்போம், அதில் மிதக்கும் குழந்தையின் செல்களிலிருந்து அந்த மரபணுவை நேரடியாகப் பார்ப்பார்கள். கரு கலையும் ஆபத்து இருநூறில் ஒன்று என்பது பழைய கணக்கு, பழகிய கைகளில் அதைவிடக் குறைவு. ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: குரோமோசோம் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு “நார்மல்” என்று அனுப்பினால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. குரோமோசோம் என்பது புத்தகத்தில் அத்தியாயங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட வரி. எந்த மரபணு என்று எழுதிக் கொடுத்து அனுப்பவேண்டும். ரத்தத்தில் எடுக்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனையை யாராவது பரிந்துரைத்தாலும் இதையே சொல்லுங்கள். வழக்கமாகச் செய்யும் என்.ஐ.பி.டி. டவுன் சிண்ட்ரோம் மாதிரியான குரோமோசோம் எண்ணிக்கைக் குறைகளுக்கு மட்டுமே.

இதையெல்லாம் ஒரு மகப்பேறு மருத்துவர் தனியாகச் செய்வது சிரமம். மரபியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரம்தான். சென்னையிலும் கோவையிலும்கூட இருக்கிறார்கள்.

அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியபோது 20 வாரம். கேரியர் ரிப்போர்ட் வர நாளாகும், அதன்பின் பனிக்குட நீர், அதன் ரிப்போர்ட் வர இன்னும் நாளாகும். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, குழந்தைக்குக் கடுமையான குறை என்றால் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை முடிவெடுக்கலாம். அதற்கு மேல் போனால் மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு பார்த்துத்தான் அனுமதிக்கும். பெண் பதினெட்டு வயது நிறைந்தவர் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பல மருத்துவமனைகள் கேட்கின்றன, அது வேறு கதை.

கலைத்துவிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நோய் உறுதியானாலும் சில பெற்றோர் பெற்றுக்கொள்ள முடிவெடுக்கிறார்கள். அவர்களுக்கும் முன்கூட்டியே தெரிவது பெரிய உதவி. இந்த நோய்க்கு இப்போது மருந்துகள் வந்திருக்கின்றன, விலை தலைசுற்ற வைக்கும், ஆனால் குழந்தை துவளத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்தால்தான் அவை நன்றாக வேலை செய்கின்றன. எந்தப் பக்கம் போவது என்பது உங்களுடைய முடிவு. நாள் கடந்துபோய் முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இன்னொன்று, பனிக்குட நீர் எடுக்கும்போது ஏகப்பட்ட படிவங்களில் கையெழுத்து வாங்குவார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று தெரிவிப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம்தான் அதற்குக் காரணம். பயந்துவிடாதீர்கள். குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கும்போது பரிசோதனை செய்ய அதே சட்டம் அனுமதிக்கிறது.

சொந்தத்தில் கட்டியது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது கேட்பார்கள். யாருடைய குழந்தைக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பெரிய குறையோடு பிறக்கும் வாய்ப்பு இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டினால் அது நாலு முதல் ஆறு வரை போகலாம். தாய்மாமனையே கட்டினால் இன்னும் கூடும். அப்படிப் பார்த்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நன்றாகவே பிறக்கின்றன. நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. உறவுத் திருமணம் என்பதால் 22 முதல் 24 வாரத்துக்குள் ஒருமுறை குழந்தைக்கு இதய எக்கோ எடுத்துவிடுங்கள் என்பேன். புள்ளிக்காக இல்லை, அதையும் ரிப்போர்ட்டில் யாராவது கலந்து எழுதினால் குழம்ப வேண்டாம்.

கடைசியாக, அண்ணனையும் அண்ணியையும் ரத்தம் கொடுக்கச் சொன்னது உங்களுக்காக மட்டும் இல்லை. உங்களுக்குப் பதினாறில் ஒன்று என்றேன். அவர்களுக்கு அடுத்த குழந்தையில் அது நான்கில் ஒன்று. அண்ணி இப்போது மறுபடி முழுகாமல் இருந்தாலோ, அப்படி எண்ணம் இருந்தாலோ, இந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த மரபணு என்று முன்பே தெரிந்துவிட்டால் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்தே பார்த்துவிடலாம். நீங்கள் மரபியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நாலு பேரும் ஒரே காரில் போய்விட்டு வாருங்கள்.